எந்தப் பெருநாளுக்கு மறுநாள்

பீர்க்கன்கரணை,
24.9.2009, வியாழன்.

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ஜஹீரா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் பெரியவள் இஃப்ராவும் சின்னவள் மெஹ்னாஸும் அல்லாஹ்வின் அருளால் நலம். தம்மாமில் வெயில் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏசி மெக்கானிக்குக்கு வெயில் குறைந்தால் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தாளின் தலையில் பிஸ்மிக்கு அடையாளமாக 786 போடவில்லை. போடக்கூடாது என்று நீங்கள் சொன்னதிலிருந்து போடுவதில்லை. கை மட்டும் பழக்கத்தில் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறது. நான்தான் அதட்டிக் கீழே இறக்குகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் ‘ம்’ கொட்டுகிறேன். நான் வாயைத் திறக்கும்போது கார்டில் காசு தீர்ந்துவிடுகிறது, இல்லையென்றால் உங்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை கோபம்தான் வந்தது. “தர்காவுல கந்தூரி கொடுக்குற வீட்டுக்கு என் பொண்ணு போவாது. உனக்கு அவ்வளவு ஆசைன்னா என் தம்பி அசாரை வச்சு நிக்காஹை முடிச்சுக்க, நான் வரல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். கடிதத்தை யாரும் நடுவில் வைக்க முடியாது. எதிர்வீட்டுக்காரர் லீவு முடிந்து சனிக்கிழமை தம்மாம் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். பசியோடு படித்தால் உங்களுக்கு எல்லாம் குற்றமாகத்தான் தெரியும்.

முதலில் தெருவைச் சொல்கிறேன். நீங்கள் பார்த்து நாலு வருஷம் ஆகிறதே. ஏரிக்கரைப் பக்கம் புதுப் பள்ளிவாசலுக்கு மாடி கட்டி முடித்துவிட்டார்கள். பழைய பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் நம் தெரு. அங்கே தொழுகிறவர்கள் இங்கே தொழுகிறவர்களுக்கு சலாம் சொல்வது குறைந்துவிட்டது. தர்காவுக்குப் போகலாமா கூடாதா, மௌலிதுப் புகழ்ப்பாட்டு ஓதலாமா கூடாதா, தொழும்போது தொப்பி வேண்டுமா வேண்டாமா, உட்கார்ந்த இருப்பில் விரலை ஆட்டுவதா சும்மா வைப்பதா, டீக்கடையில் இதே பேச்சு. முன்பெல்லாம் தண்ணி லாரி வரவில்லை என்று சண்டை போடுவார்கள். இப்போது லாரி ஒழுங்காக வருகிறது, ஆளுக்கு நேரம் மிச்சமாகிறது.

நாம் புதுப் பள்ளி. நீங்கள் அங்கிருந்து கேசட் அனுப்பினீர்கள், உங்கள் தம்பி அசார் இங்கே எடுத்துச் சொன்னான், நானும் சரி என்றேன். தர்காவுக்குப் போவதை நிறுத்தினேன். உங்கள் பெயரே மைதீன் பிச்சை, மாமி தர்கா வாசலில் மடியேந்திப் பெற்ற பிள்ளை என்று ஊரே சொல்லும். பாஸ்போர்ட்டில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்னை தர்காவுக்குப் போகாதே என்றீர்கள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்தது அல்லாஹ்தான், அதில் எனக்கு மறுப்பில்லை.

இஃப்ராவைக் கேட்கிற ஜமீரின் வீடு பழைய பள்ளி. இது ஒன்றுதான் அவன்மேல் உங்களுக்குள்ள குற்றச்சாட்டு. பையன் சிகரெட் தொடமாட்டான், அத்தாவோடு திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்துகிறான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பட்டறையைப் பார்க்க வருகிறார்கள், பேசத் தெரிய வேண்டும் என்று தாம்பரத்தில் கிருபா டீச்சரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தான். காலையும் சாயந்தரமும் அங்கே பாடம் எடுப்பது நம் இஃப்ரா. அங்கேதான் பார்த்தானா என்று கேட்காதீர்கள், அங்கேதான் பார்த்தான். பார்த்தவன் அவளிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. அம்மாவை அனுப்பி முறையாகக் கேட்டான்.

வரதட்சணை என்ற பேச்சே வேண்டாம், பெண்ணுக்கு மஹர் நாங்கள் கொடுக்கிறோம் என்று அவன் அத்தா முதல் வார்த்தையாகச் சொன்னார். இது நீங்கள் இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்வது. உங்களுக்குப் பிடித்த கூடுவாஞ்சேரி இடம் இருக்கிறதே, தொப்பி போடாதவர்கள், விரல் ஆட்டுகிறவர்கள், நம் ஆட்கள். அவர்கள் தரகர் என்ன கேட்டார் தெரியுமா? வரதட்சணை வாங்குவது ஹராம், வாங்க மாட்டார்களாம். பெண்ணுக்குப் பிரியப்பட்டு ஒரு மனை எழுதி வைத்தால் மறுக்க மாட்டார்களாம். நான் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அசாரிடம் கேளுங்கள், பக்கத்தில்தான் இருந்தான்.

இப்போது திங்கட்கிழமை நடந்ததுக்கு வருகிறேன். அசார் உங்களிடம் சொன்னது பொய் இல்லை, பாதி. பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் நம்மை அவமானப்படுத்தினார்கள், மறுநாள் சாவகாசமாக வந்து நின்றார்கள் என்று சொல்லியிருப்பான். வராததும் உண்மை, மறுநாள் வந்ததும் உண்மை.

“பெருநாளைக்கு மறுநாள் வர்றோம்” என்று ஜமீர் அம்மா நோன்பிலேயே சொல்லியிருந்தார். நான் சரி என்றேன். நம் புதுப் பள்ளிக்கு உலகத்தில் எங்கே பிறை தெரிந்தாலும் பெருநாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டாடிவிட்டோம். திங்கள் விடியலிலேயே எழுந்து மட்டன் பிரியாணி, தால்சா, கத்தரிக்காய், ஜவ்வரிசிப் பாயசம் எல்லாம் செய்தேன். இஃப்ராவுக்கு நீங்கள் அனுப்பிய வெந்தயக் கலர்ப் புடவை. அசார் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் ஆயிற்று, சாயந்தரத் தொழுகைக்கு அஸர் பாங்கும் சொன்னார்கள். ஒருவரையும் காணோம். போன் போட்டுக் கேள் என்றேன். பெண் வீட்டுக்காரர்கள் நாம் ஏன் போட வேண்டும் என்றான். எனக்கும் வீம்பு, நானும் போடவில்லை. அக்கம்பக்கத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் தலை. இஃப்ரா உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து தேக்சாப் பாத்திரங்களைத் தேய்க்க உட்கார்ந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிரியாணியைத் தெரு முழுக்கக் கொடுத்தோம். அசார் கையைத் தட்டிவிட்டு, முடிந்தது விஷயம், இனி அந்த வீட்டுப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர்களைத் திட்டவும் திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

செவ்வாய் காலை நைட்டியோடு, தோளில் துண்டோடு, பிளீச்சிங் பவுடர் போட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். கார் வந்து நின்றது. ஜமீர் அம்மா பட்டுப்புடவையில் இறங்குகிறார், பின்னால் அவர் வீட்டுக்காரர், ஜமீர், கையில் பழத்தட்டு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கோபம் ஒருபக்கம், நைட்டி ஒருபக்கம். துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“இன்னாம்மா, நாங்க வர்றத மறந்துட்டியா?” என்று அந்த அம்மா கேட்டார். நேற்றெல்லாம் நாங்கள் காத்திருந்ததைச் சொன்னேன், கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் திகைத்துப் போய், நேற்றுதானே பெருநாள், பெருநாளன்று யாராவது பெண் பார்க்கப் போவார்களா என்றார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒன்றாக உறைத்தது. அவர்கள் பள்ளி சென்னையில் பிறை பார்த்துத் திங்கட்கிழமை பெருநாள் வைத்தது. நமக்கு ஞாயிறு, அவர்களுக்குத் திங்கள். எந்தப் பெருநாளுக்கு மறுநாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் ஜனங்களைத் தவிர வேறு யாருக்கு மச்சான் இந்தத் தப்பு வரும்?

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. வீட்டில் சமைத்தது ஒன்றுமில்லை, முதல்நாள் ரசம்தான் இருக்கிறது என்றேன். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்துவிட்டார், வெங்காயம் எங்கே என்று கேட்டார். நான் அசாருக்குப் போன் போட்டேன். கடையைப் பூட்டிவிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தான். அவனையும் ஜமீர் அத்தாவையும் கோழி வாங்க அனுப்பினேன். இரண்டு பேரும் பெருங்களத்தூர் வரை ஒரே வண்டியில் போய் வந்தார்கள். வழியில் பேசினார்களா என்று கேட்டேன், கோழி விலையைப் பற்றிப் பேசினோம் என்றான்.

வெங்காயம் உரிக்கும்போது மறைக்காமல் கேட்டுவிட்டேன். என் பெண்ணை தர்காவுக்கு வா, கந்தூரிச் சோற்றை ஆக்கு என்று கட்டாயப்படுத்துவீர்களா என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வந்தா கூட்டிகினு போவேன். வரலன்னா வூட்ட பாத்துக்கடின்னு சொல்லிட்டு நான் போவேன். அதுக்கா ஒரு கல்யாணத்த நிறுத்துவாங்க?” என்றார். இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இனி அசார் சொல்லாத பாதி. மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள், இரண்டு பள்ளியிலும், ஒன்று முந்தி ஒன்று பிந்தி. பள்ளிக்குப் போனால் இரண்டு பேரும் இரண்டு திசையில் போக வேண்டும். அசார் ஹாலில் பாயை விரித்துவிட்டான். விரித்த பிறகு எல்லோரும் நின்றார்கள். யார் முன்னால் நின்று தொழுகையை நடத்துவது? நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நிற்கிறேன், உள்ளே தாளிப்பு கருகுகிறது. நம் தெருவில் போன மாதம் ஒரு வீட்டில் இதே லுஹருக்கு இரண்டு கூட்டாகப் பிரிந்து இரண்டு ஜமாஅத் நடந்தது, ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று. இங்கேயும் அப்படி ஆனால் எல்லாம் அத்தோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

ஜமீர் அத்தாதான் பேசினார். “வீடு உங்களுது தம்பி. நீங்க நில்லுங்க, நாங்க பின்னாடி நிக்கிறோம்” என்றார். அவருக்கு அசாரைவிட இருபது வயது மூப்பு இருக்கும். அசார் தொப்பி இல்லாமல் முன்னால் நின்றான், அவர் தொப்பியோடு பின்னால் நின்றார், பக்கத்தில் ஜமீர். இருப்பில் அசாரின் விரல் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் விரல் ஒரு தடவை எழுந்து அடங்கிவிட்டது. நம் வீட்டுக் கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

தொழுது முடித்ததும் அவர் வழக்கப்படி முஸாபஹாவுக்கு இரண்டு கையையும் நீட்டினார். தொழுத கையோடு கைகொடுப்பது நபிவழி இல்லை என்று அசார் என்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். மின்விசிறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கொடுத்தான், இரண்டு கையாலும் கொடுத்தான். இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். அண்ணனிடமும் பயம், பள்ளியிலும் பயம். பாவம், அவனைத் திட்டாதீர்கள்.

இஃப்ரா கிளாஸிலிருந்து ஓடிவந்தாள், சுடிதாரெல்லாம் சாக்பீஸ் தூள். அப்படியே டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜமீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் என்ன, அன்றைக்கு அவனுக்குத் தமிழும் வரவில்லை. மெஹ்னாஸ் இரண்டு பெருநாளுக்கும் காசு வேண்டும் என்று ஜமீர் அத்தாவிடம் கேட்டு வாங்கிவிட்டாள். எது உண்மையான பெருநாள் என்று அவளைக் கேட்டதற்கு, காசு கிடைக்கிற எல்லாம் உண்மைதான் என்றாள். இவளை யார் கட்டப்போகிறான் என்று இப்போதே கவலையாக இருக்கிறது.

அன்று ராத்திரிதான் நீங்கள் போனில் அப்படிச் சொன்னீர்கள்.

இனி நான் சொல்லப்போவதற்குச் சிரிக்கக் கூடாது. நானும் கிருபா டீச்சரிடம் படிக்கிறேன். காலையில் பெண்களுக்கு ஒரு பேட்ச் தொடங்கினார்கள், ஆள் குறைந்தது. இஃப்ரா என் பெயரைச் சேர்த்துவிட்டாள். சும்மா உட்கார்ந்தால் போதும் என்றாள், போகப் போக எனக்கே பிடித்துவிட்டது. இப்போது மெடிக்கல் ஷாப் மருந்துச் சீட்டை நானே படிக்கிறேன். புதன்கிழமை போக மனமே இல்லை, முகம் வீங்கியிருந்தது. இஃப்ரா விடவில்லை.

பாருங்கள், அன்றைக்கென்று பாடம் அதுதான். நம்பிக்கைகள். டீச்சர் பலகை நிறைய எழுதிப் போட்டார். ஃபெயித், டவுட், ஆர்த்தடாக்ஸ், செக்ட், ஹெரெடிக், ஸ்கிஸம், டாலரேட். டவுட் எனக்கு முன்பே தெரியும், பஸ் வருமா என்று கேட்டால் டவுட்டுதான் என்று எல்லோரும் சொல்கிறோமே. மற்றதெல்லாம் புதிது. ஹெரெடிக் என்றால் கூட்டத்தில் இருந்துகொண்டே கூட்டத்தின் கொள்கைக்கு மாறாக நம்புகிறவன் என்றார். ஸ்கிஸம் என்றால் ஒன்றாக இருந்த கூட்டம் கொள்கைக்காக இரண்டாக உடைவது. நம் தெருவில் அத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்கிற விஷயம், அங்கே பலகையில் காய்கறிப் பெயர் மாதிரி வரிசையாக நிற்கிறது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்து வாக்கியம் கூடாது, ஒவ்வொரு சொல்லுக்கும் அவரவர் வீட்டிலிருந்து ஒரு வாக்கியம் கொண்டுவர வேண்டும். ஸ்கிஸத்துக்கு எங்களோடு படிக்கிற அரிகிருஷ்ணன் சார் மனைவி எழுந்தார், சேலையூர்க்காரர், ஐயங்கார். பிறந்த வீடு வடகலையாம், வந்த வீடு தென்கலையாம். பூஜை அலமாரியில் நாமம் போடும்போது தென்கலைக்கு வேண்டிய பாதத்தைக் கீழே வைக்க மறந்துவிடுவாராம், மாமியார் பேசாமல் வந்து பாதத்தை வைத்துவிட்டுப் போவாராம். இப்போது யார் வைக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டோம். “இப்போ நானே வெச்சுடறேன். எங்கம்மா வந்தா மட்டும் அலமாரிக் கதவைச் சாத்திடறேன்” என்றார்.

என் முறை வந்தது. எனக்கு ஆர்த்தடாக்ஸ், கொள்கையை இம்மியும் விடாதவர். என் கணவர் ஆர்த்தடாக்ஸ், ஜமீரின் அத்தாவும் ஆர்த்தடாக்ஸ், இவருக்கு அவர் ஹெரெடிக், அவருக்கு இவர் ஹெரெடிக் என்று இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன் மச்சான். இஃப்ரா வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், அவள் பார்த்துவிட்டாள்.

அப்போது டீச்சர் அவர் வீட்டு வாக்கியத்தைச் சொன்னார். அவர்கள் சபை இரண்டாகிவிட்டது, யார் நிர்வாகம் என்பதில் தொடங்கி எப்படி ஜெபிப்பது என்பதில் போய் நின்றதாம். கோவில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இரண்டு. முந்தியதில் அவர் வீட்டுக்காரர் ஏசுதாசன், பிந்தியதில் டீச்சர். இரண்டு பேருக்கும் கொள்கையில் விட்டுக்கொடுக்க மனசில்லை. ஆனால் ஒரே ஸ்கூட்டரில்தான் போகிறார்கள். வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது டீச்சர் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெங்காயம் வாங்க வேண்டுமா, உளுந்து வாங்க வேண்டுமா என்று யோசிப்பாராம். இவர் உள்ளே போனதும் அவர் அதே மரத்தடியில் பேப்பர் படிப்பாராம். பிறகு ஒன்றாக வீட்டுக்கு வந்து ஒரே குழம்பைச் சாப்பிடுவார்கள். முதலில் சபைக்காரர்கள் இரண்டு பக்கமும் ஏசினார்களாம். இப்போது இன்னும் இரண்டு ஜோடி அந்த மரத்தடிக்கு வருகிறார்களாம்.

கடைசிச் சொல் டாலரேட். பொறுத்துக்கொள்வது. எனக்கு அது பிடிக்கவில்லை. கொசுவைப் பொறுத்துக்கொள்ளலாம், கரண்ட் கட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். என் பெண் போகிற வீட்டை நான் பொறுத்துக்கொள்ள விரும்பவில்லை, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் சொல்லத் தைரியம் இல்லை. நீங்கள் அனுப்பிய கேசட்டைக் கேட்டால் அது சரி என்று படுகிறது. ஜமீர் அம்மா பேசுவதைக் கேட்டால் அதுவும் சரி என்று படுகிறது. அல்லாஹ் ஒருவன் என்பதில் எனக்கு ஒரு நாளும் டவுட் வந்ததில்லை. மற்றதில் வருகிறது. ராவும் பகலும் வருகிறது. இப்படி இரண்டும் சரி என்று படுகிற ஆளுக்கு என்ன பெயர் என்று டீச்சரிடம் கேட்டேன். இந்தப் பாடத்தில் அதற்குச் சொல் இல்லை என்றார். பரவாயில்லை, பெயர் இல்லாமலே இருந்துவிட்டுப் போகிறேன். உங்கள் மனைவி இப்படி ஒருத்தி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கை வலிக்கிறது. மெஹ்னாஸ் வேறு பசி என்கிறாள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

25.9.2009, வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்.

காலையில் நல்ல மழை. பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நீங்கள் வைத்த எலுமிச்சை காய்க்கத் தொடங்கிவிட்டது.

நேற்று ராத்திரி இஃப்ராவிடம் பேசினேன். உங்கள் முடிவை அப்படியே சொன்னேன், ஒன்றையும் மெழுகவில்லை. அவள் தலையணை உறைக்குப் பொத்தானைத் தைத்து முடித்தாள். பிறகு சொன்னாள்: “அத்தா வேணாம்னா வேணாம்மா. நான் மீற மாட்டேன். ஆனா போன்ல இல்ல. அவர் இங்க வந்து, ஜமீரப் பாத்து, என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்.” சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள். நம் பெண் அடாவடி பண்ணவில்லை, கண்ணீர் விடவில்லை. இதைவிட அதிகமாக அவள் ஒன்றும் கேட்கவும் இல்லை. ஆனால் அவனைத்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியாதா?

சற்றுமுன் அசார் வந்தான், தொழுத ஈரம் காயாமல் வந்தான். உட்கார் என்றேன், உட்காரவில்லை. அண்ணனிடம் முழுதும் சொல்லவில்லை, தப்புதான் என்றான். வலியாக, உங்களுக்குப் பதில் பெண்ணைக் கொடுக்கிறவனாக உட்காரச் சொன்னீர்களே, அதற்கும் முடியாது என்றுவிட்டான். “அண்ணன் உசுரோட இருக்கும்போது அவர் எடத்துல நான் எப்படி அண்ணி உக்காருவேன்?” என்று கேட்டான். அவனை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன், இன்றைக்கு அவன் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது. அவனே உங்களுக்குப் போன் போட்டு எல்லாம் சொல்கிறேன் என்றிருக்கிறான். அவன் முந்துகிறானா இந்தக் கடிதம் முந்துகிறதா, தெரியாது.

ஜமீர் வீட்டில் கேட்டுவிட்டேன். நிக்காஹ் புதுப் பள்ளியிலா பழைய பள்ளியிலா என்றேன். பெண்ணின் அத்தா எங்கே சொல்கிறாரோ அங்கே என்றார்கள். மௌலிது வேண்டாம் என்றால் வேண்டாம், பூமாலை வேண்டாம் என்றால் வேண்டாம். அதையெல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். திறந்தாலும் கொஞ்சமாகத்தான்.

ஆனால் ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் கடிதத்தில் சம்மதம் எழுதி அனுப்பினாலும் எனக்கு வேண்டாம். வேறு யாரையாவது வலியாக ஏற்பாடு செய்தாலும் வேண்டாம். “என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்” என்று சொல்ல அவளுக்கு ஓர் அத்தா இருக்கிறார். அந்த வார்த்தையை இன்னொருவர் வாயில் நான் கேட்க மாட்டேன். இல்லை என்று சொல்வதானாலும் வந்து சொல்லுங்கள். ஜமீர் அத்தா கைகொடுப்பார், கொடுக்கத் தோன்றவில்லையென்றால் கொடுக்காதீர்கள். நம் ஹாலில் நாலு பேர் தொழ இடமிருக்கிறது, நீங்களே முன்னால் நில்லுங்கள். நாலு வருஷமாக நானும் யாரையும் வா என்று சொன்னதில்லை. பெண்ணுக்காகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் உங்கள் உடம்புக்கு சுகத்தையும் மனசுக்கு இளக்கத்தையும் தருவானாக. உங்களைப் பத்திரமாக நம் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன் சொல்லிவிட்டு மேனேஜரிடம் லீவு கேளுங்கள்.

ஜமீர் அம்மா இப்போதுதான் போன் போட்டார், நிக்காஹுக்கு எந்தத் தேதி என்று கேட்டார். இந்தத் தடவை நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். இஃப்ராவின் அத்தா வந்து இறங்குகிற தேதியைப் பார்த்துத்தான் எங்களுக்கு எல்லாத் தேதியும் என்று.

வஸ்ஸலாம்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஜஹீரா.